கப்பலேறிய ஒன்பது பட்டு

சூர்யகலா கப்பலில் போகப்போகிறாள் என்று தெரிந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்? ஆரணி பக்கத்துச் சேவூரில் எங்கள் தெருப் பெண்கள் எல்லாருக்கும் அன்று அப்படித்தான் இருந்தது. அவர்கள் வாயைத் திறக்கவில்லை, நான் திறக்கிறேன். அவள் வீட்டுக்கு எதிர் வீட்டில் வருஷக்கணக்காக ரவிக்கை தைக்கிறவள் நான். நான் போன தூரம் என்றால் திருப்பதி. அவளோ சிங்கப்பூருக்குப் பறந்து போய், அங்கே கப்பலேறி, இரண்டு வாரத்துக்கு மேல் கடலிலேயே இருந்து, ஜப்பானில் இறங்கப்போகிறாள். மகள் லாவண்யா டிக்கெட் போட்டுவிட்டாளாம்.

"சுகன்யா, நான் கப்பல்ல போறேன்டி" என்று அவள் வாசலில் நின்று சொன்னபோது நான் ஒரு ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன். இடது கையை வலது பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டேன். பிரிப்பதற்குள் பாதி நாள் போய்விட்டது.

ஆனால் அவளுக்கும் அந்தச் சந்தோஷம் மறுநாள் வரைக்கும் தங்கவில்லை. பொறாமைப்படுவதில் நானெல்லாம் அவளிடம் பாடம் படிக்க வேண்டும்.

சூர்யகலா சந்தவாசல் பக்கத்துப் பெண். நெசவுக்காரர் வீட்டில் பிறந்து, நெசவுக்காரரான சிவப்பிரகாசத்துக்கு வாழ்க்கைப்பட்டு, வந்த வாரமே அவரோடு தறியில் உட்கார்ந்தவள். கை சுத்தம். அவள் நெய்த கரையில் ஒரு இழை தப்பியதாக எந்தக் கடைக்காரரும் சொன்னதில்லை. ஆனால் மனசு இருக்கிறதே, அது எப்போதும் அடுத்த வீட்டில்தான் இருக்கும். நான் மோட்டார் வைத்த தையல் மிஷின் வாங்கினபோது அவளுக்கு மூன்று நாள் தலைவலி. லாவண்யா கைக்குழந்தையாக இருந்தபோது முதலில் "ப்பா" என்று சொல்லிவிட்டது என்பதற்காகப் புருஷனோடு பேசாமல் இருந்தவள். அந்த மனுஷன் என்ன செய்வார்? குழந்தையிடம் போய் "அம்மான்னு சொல்லும்மா, எனக்கு சோறு போட மாட்றா" என்று கெஞ்சினார்.

அவளுக்கு லாவண்யா ஒரே மகள். மற்ற பொறாமையெல்லாம் வந்து போகும், மகள் விஷயத்தில் வந்தது மட்டும் போகாது. லாவண்யா சென்னையில் வேலை பார்த்தபோது தேசூர்ப் பையன் கோபிநாத்தை விரும்பினாள். கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு சூர்யகலா சம்மதித்தாள். இருவருக்கும் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. அதையும் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது சம்பந்தியம்மாவைத்தான்.

கோபிநாத்தின் அம்மா பெயர் அபிதகுசாம்பாள். புருஷன் சின்ன வயசிலேயே தவறிவிட, தனியாளாக நெல் பயிர் வைத்துப் பையனைப் படிக்க வைத்தவர். சத்தமாகப் பேச மாட்டார், யாரையும் குறை சொல்ல மாட்டார், போட்டதைச் சாப்பிடுவார். குறை சொல்ல இடமே கொடுக்காத ஒரு சம்பந்தியை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணைப் பெற்றவள் என்னதான் செய்வாள்? சூர்யகலாவுக்கு அதுதான் பெரிய பேஜார். இப்போது அந்த அம்மா ஆறு மாசத்துக்கு சிங்கப்பூரிலேயே மகன் வீட்டில் தங்கியிருந்தார். கப்பலுக்கு அவரும் வருகிறார். சிவப்பிரகாசம் மட்டும் வரவில்லை. "தறியில பாவு ஏத்தியாச்சு, நெய்யாம வுட முடியாது. அதுவும் இல்லாம தண்ணி மேல எனக்குத் தூக்கம் வராது" என்று சொல்லிவிட்டார். ஆகவே அம்மாக்கள் இருவருக்கும் ஒரே அறை. மகளும் மருமகனும் பக்கத்து அறை, நடுவில் ஒரு கதவு.

கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது வந்த வீடியோ காலில்தான் நெருப்பு பற்றியது. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"ம்மா, நல்லா கேட்டுக்க. நாலு காட்டன் புடவ, ரெண்டு நைட்டி, ஒரு ஸ்வெட்டர். பட்டு ஒண்ணே ஒண்ணு, கேப்டன் விருந்துக்கு. அவ்ளோதான். கப்பல்லயே வாஷிங் மெஷின் இருக்குது, நாலு நாளைக்கு ஒரு தடவ துவைச்சிக்கலாம். இஸ்திரி பொட்டி எடுத்துகினு வராத, ஏறும்போதே புடுங்கிக்குவாங்க."

"சரி சரி. உங்க அத்தை இன்னா எடுத்துகினு வராங்க?"

"அத்தை பொட்டிய நானே அடுக்கிட்டேன்மா, பாரு" என்று லாவண்யா போனைத் திருப்பினாள். பெட்டிக்குள் புடவைகள் பாய் சுருட்டுவது போல் இறுக்கமாகச் சுருட்டி வரிசையாக நின்றன. பாவாடைக்கு ஒரு பை, ரவிக்கைக்கு ஒரு பை, கழற்றிப் போடும் அழுக்குக்கு ஒரு காலிப் பை. ஒரு ஓரத்தில் மாத்திரை டப்பா, அதன் மேல் லாவண்யாவின் கையெழுத்தில் காலை, ராத்திரி.

போன் வைத்ததும் சூர்யகலா என் பக்கம் திரும்பினாள். "பாத்தியாடி? அவங்களுக்கு பொட்டி அடுக்கி குடுக்கறா. எனக்கு வாயால சொல்லிட்டு வச்சிட்டா."

"நீ இங்க இருக்கற, அவ அங்க இருக்கறா. எப்பிடி அடுக்குவா?" என்றேன்.

"மனசு இருந்தா அடுக்குவா" என்றாள்.

அன்று சாயங்காலமே முடிவு பண்ணிவிட்டாள். காட்டன் ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் பட்டு. சம்பந்தி காட்டனில் வரட்டும். ஆரணிக்காரி என்றால் எப்படி இருப்பாள் என்று கப்பலே பார்க்கட்டும். பீரோவைத் திறந்து எட்டு எடுத்தாள். ஒன்பதாவது, இந்தப் பயணத்துக்கென்றே புருஷனும் பெண்சாதியும் உட்கார்ந்து நெய்த அரக்குச் சிவப்புப் பட்டு. பச்சைக் கரை, தலைப்பில் அன்னம். அதை என் தோளில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன். ஒன்பது ரவிக்கையும் நான்தான் தைத்தேன். பெட்டியும் என்னுடையதுதான். என் பெட்டிக்குக் கிடைத்த யோகம் எனக்குக் கிடைக்கவில்லை. துணிகளுக்கு நடுவில் இஸ்திரிப் பெட்டியை ஒரு துண்டில் சுற்றி அவள் ஒளித்து வைத்ததையும் பார்த்தேன், பேசாமல் இருந்தேன். புடுங்கட்டும் என்றுதான்.

இனி நான் சொல்வது பாதி சூர்யகலா சொன்னது, பாதி லாவண்யா போனில் சொன்னது. இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் லாவண்யா பக்கம் சாய்ந்திருக்கிறேன்.

இஸ்திரிப் பெட்டியைக் கப்பலேறும் இடத்திலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். இறங்கும்போது தருவதாகச் சீட்டு கொடுத்தார்கள். மற்றபடி முதல் மூன்று நாள் சூர்யகலாவின் ராஜ்ஜியம். காலை இட்லிக்கே பட்டு. வெள்ளைக்காரப் பெண்கள் நின்று கரையைத் தொட்டுப் பார்த்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். "மை லூம், மை லூம்" என்று அவள் மார்பைத் தட்டிக்கொண்டாள். அபிதகுசாம்பாள் பக்கத்தில் ஒரு சந்தனக் கலர் காட்டனில் நின்று, அந்தப் பெண்களின் போனில் இவளைப் படம் எடுத்துக் கொடுத்தார்.

தொல்லை துணியில்தான் ஆரம்பித்தது. பட்டைக் கட்டிக் கழற்றினால் நிழலில் காற்றாட விட வேண்டும், வியர்வையோடு மடிக்கக் கூடாது. அறையில் காற்று எங்கே? ஊரிலிருந்து கொண்டுபோன நூல்கயிற்றை அலமாரிக் கைப்பிடியிலிருந்து ஜன்னல் வரைக்கும் கட்டினாள். மூன்று புடவை தொங்கியது, பிறகு ஐந்து. சம்பந்தியின் கட்டில் அந்தப் பக்கம் இருந்தது. அந்த அம்மா ஒவ்வொரு தடவையும் குனிந்து, புடவையை ஒதுக்கி, கட்டிலுக்குப் போனார். ஒரு முனகல் உண்டா? இல்லை. அதுவே சூர்யகலாவுக்கு எரிச்சல்.

அறையைச் சுத்தம் செய்கிற பையன் தினமும் துண்டை மடித்து ஒரு மிருகம் செய்து படுக்கையில் வைத்துவிட்டுப் போவானாம். ஒரு நாள் சம்பந்தி படுக்கையில் யானை, இவள் படுக்கையில் முயல். "அவங்களுக்கு மட்டும் ஏன் யானை?" என்று லாவண்யாவிடம் புகார் பண்ணினாள். அவள் சிரித்து உருண்டாள். இவள் முயலைப் பிரித்துத் துடைத்துக்கொண்டாள்.

நாலாவது நாள் லாவண்யா வந்து, "அத்தை, அழுக்குத் துணியை குடுங்க. எங்க துணியோட போட்டு எடுத்துர்றேன்" என்றாள். காலியாக வந்த பை இப்போது நிரம்பியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு இருவரும் துணி துவைக்கும் அறைக்குப் போனார்கள். "ம்மா, உன்னுது எல்லாம் பட்டு, மெஷின்ல போடக் கூடாது. நீ போய் கடலைப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இவள் கடலைப் பார்ப்பாளா? கொஞ்ச நேரம் கழித்துப் பின்னாலேயே போனாள். அந்த அறையில் மிஷின்கள் வரிசையாக ஓடின. பல தேசத்துக்காரர்கள் கூடையோடு முறைக்குக் காத்திருந்தார்கள். நடுவில் லாவண்யாவும் அவள் மாமியாரும் ஒரு புடவையை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தறியிலிருந்து அறுத்தெடுத்த புடவையை எங்கள் ஊரில் யாரும் தனியாக மடிப்பதில்லை. ஒருவர் இந்தத் தலைப்பு, ஒருவர் அந்தத் தலைப்பு. நாலு மூலையையும் பிடித்து, ஒரே நேரத்தில் விண்ணென்று இழுக்க வேண்டும். ஒருவர் முந்தினால் மடிப்பு கோணிவிடும். லாவண்யா முக்காலி மேல் நிற்கும் வயசிலிருந்து அந்த மறுமுனையில் நின்றவள். அம்மாவும் பெண்ணும் பேச மாட்டார்கள், கண்ணைப் பார்த்து இழுப்பார்கள். பரீட்சையில் ஒரு பாடம் போனதை அவள் சொன்னது அப்படி நின்றுதான். கோபிநாத் விஷயத்தைச் சொன்னதும் ஒரு மாம்பழ மஞ்சள் புடவையின் மறுமுனையில் நின்றுதான். அதனால்தான் அம்மாவால் கையை விட்டுவிட்டு அடிக்க வர முடியவில்லை. அவள் கல்யாணமாகிப் போன பிறகு அந்த முனையை சிவப்பிரகாசம் பிடிக்கிறார். "அவரு இழுத்தா இழுக்கற மாதிரியே இல்லடி" என்று சூர்யகலா என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்.

இப்போது அந்த இழுப்பை, தான் சொல்லிக் கொடுத்த அதே இழுப்பை, ஒரு சந்தனக் கலர் காட்டனுக்கு, சம்பந்தி முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே லாவண்யா இழுத்தாள். சூர்யகலா வாசலிலேயே நின்றுவிட்டாள். பெற்ற பெண்ணைக் கொடுத்தோம், சரி. அந்த மறுமுனையையுமா கொடுத்தோம்? திரும்பி வந்து, கயிற்றில் தொங்கிய புடவைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள்.

அடுத்த தடவை துணி துவைக்கும் நாளன்று இவளே முதலில் கிளம்பி நின்றாள். கையில் ஒரு பை. பையில் அரக்குப் பட்டு. லாவண்யா வெள்ளையும் வெளிர் நிறமுமான துணிகளைத் தனியாகப் பிரித்தாள்: கோபிநாத் மறுநாள் கேப்டன் விருந்துக்குப் போட வேண்டிய சட்டை, தன் குர்தா, அத்தையின் சந்தனப் புடவை. அவற்றை மிஷினில் போட்டு, வெள்ளைக்குச் சுடுதண்ணீர் என்று பொத்தானை அமுக்கி வைத்துவிட்டு, சோப்புப் பொடி வாங்க அந்தப் பக்கம் திரும்பினாள். சூர்யகலா மிஷின் கதவைத் திறந்து அரக்கை உள்ளே திணித்துச் சட்டையால் மூடினாள்.

அவளுக்குத் தெரியாதா? புதுப் பட்டை சோப்பே காட்டாமல் பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் போட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தானே. ஆரணியில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தெரிந்துதான் போட்டாள். தன் புடவையும் அந்தத் துணிகளோடு வெளியே வந்தால், அதையும் மடிக்க வேண்டும். மடிக்க வேண்டுமானால் லாவண்யா மறுமுனையைப் பிடித்தாக வேண்டும். அவ்வளவுதான் அவள் கணக்கு. சாயத்தைப் பற்றிக் கேட்டால், "எங்க தறியில நெய்ஞ்சது, எங்கடி போவப்போவுதுன்னு இருந்தேன்" என்கிறாள்.

மிஷின் நின்றது. லாவண்யா கதவைத் திறந்தாள். உள்ளேயிருந்து எல்லாம் ரோஸ் நிறத்தில் வந்தன. சட்டை ரோஸ், குர்தா ரோஸ், சந்தனப் புடவை அங்கங்கே திட்டுத் திட்டாக ரோஸ். கடைசியாக அரக்கு வந்தது, சுருங்கி, ஜரிகை முறுக்கிக்கொண்டு, அன்னத்துக்குக் கழுத்து திரும்பிப்போய்.

"ம்மா!"

அந்த அறையில் இருந்த அத்தனை தேசத்துக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்களாம்.

"உனுக்கு அறிவு கிறிவு இருக்குதா இல்லியா? பொறந்ததுல இருந்து சாயத்துலயே கெடக்கற, பட்ட சுடுதண்ணில போடக் கூடாதுன்னு உனுக்கு நான் சொல்லணுமா? ஒரு பட்டு போதும்னேன், ஒம்பது எடுத்துகினு வந்த. இஸ்திரி பொட்டி வாணாம்னேன், துண்டுல சுத்தி எடுத்துகினு வந்த. ரூமுக்குள்ள கயிறு கட்டி அத்தை தல மேல புடவைய தொங்க வுட்டுட்டு இருக்கற. நாளைக்கு விருந்துக்கு அவரு இன்னாத்த போட்டுகினு போவாரு, உன் முந்தானையையா? சின்னக் குழந்தையாம்மா நீ?"

திட்டி முடித்து மூச்சு வாங்கிவிட்டு, லாவண்யா மாமியார் பக்கம் திரும்பினாள். குரலே மாறிவிட்டது. "சாரிங்க அத்தை. உங்க புடவை வீணாப் போயிடுச்சு. இறங்கற ஊர்ல வேற வாங்கித் தர்றேங்க."

"பரவால்லம்மா, பரவால்ல."

சூர்யகலா சுருங்கிய பட்டை மடியில் வைத்துக்கொண்டு மேல் தளத்தில் போய் உட்கார்ந்தாள். அவமானம். அதைவிடப் பெரிசாக, சம்பந்தி எதிரில் அவமானம். அபிதகுசாம்பாள் பின்னாலேயே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஆறுதல் சொல்ல வருகிறார், வந்தால் இன்றைக்கு ஒரு வழி பண்ணிவிடுகிறேன் என்று இவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்களப் பாத்தா எனக்கு வயிறெரியுது சம்பந்தி" என்றார் அந்த அம்மா.

சூர்யகலா திரும்பிப் பார்த்தாள்.

"நெசமாத்தான் சொல்றேன். எம் புள்ளைக்குக் கல்யாணமாயி இத்தினி வருஷத்துல ஒரு தடவகூட அவ என்ன இப்பிடிப் பேசினது இல்ல. ஒரு நாள் சக்கரைன்னு நெனச்சி காப்பில உப்பப் போட்டுட்டேன். குடிச்சிட்டு, நல்லா இருக்குதுங்க அத்தைன்றா. பொட்டி அடுக்கிக் குடுத்தா, மாத்திர எடுத்து வச்சா, எல்லாம் சரிதான். ஊட்டுக்கு வந்த விருந்தாளிக்கும் அப்பிடித்தான செய்வாங்க. இன்னிக்கு எம் புடவ பாழாப்போச்சி, எங்கிட்ட வந்து சாரி கேக்கறா. உங்கள நிக்க வச்சி கிழிக்கறா. நான் பொம்பளப் புள்ள பெக்கலீங்க. எனக்கு அந்தத் திட்டு ஒண்ணு கெடச்சா போதும்."

சூர்யகலாவுக்குச் சந்தோஷம் வந்தது. அப்படி ஒரு சந்தோஷம் கப்பலேறியதிலிருந்து வந்ததில்லை. அன்று சாயங்காலம் ஐஸ்கிரீம் இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். விருந்துக்கு ஆகுமா என்று ரோஸ் சட்டையைப் போட்டுப் பார்த்த மருமகனிடம், "உங்களுக்கு இந்தக் கலரு எடுப்பா இருக்குது மாப்ள" என்று வேறு சொன்னாள்.

நிறைந்த மனசில்தான் இரக்கம் வரும் போலிருக்கிறது. படுக்கப் போகும்போது கயிற்றை அவிழ்த்துவிட்டு, சம்பந்தியிடம் ஒரு வழி சொல்லிக் கொடுத்தாள். "ஈரத் துண்ட அவ படுக்கை மேல போடுங்க. சின்ன வயசுலருந்து அதுக்கு மட்டும் சாமியாடுவா. யாருன்னு பாக்க மாட்டா."

மறுநாள் காலையில் அபிதகுசாம்பாள் குளித்துவிட்டு, சொட்டச் சொட்ட ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, ஆளில்லாத நேரம் பார்த்து, நடுக்கதவு வழியாகப் பக்கத்து அறைக்குப் போனார். வெறுங்கையோடு திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். தலையைச் சரிபண்ணிக்கொண்டார். பரிசு கொடுக்கக் கூப்பிடப்போகிறார்கள் என்று காத்திருக்கிற பிள்ளை மாதிரி முகம் இருந்ததாம்.

கதவு படீரென்று திறந்தது. லாவண்யா துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ம்மா! எத்தினி தடவ சொல்றது? ஈரத் துண்ட படுக்கை மேல போடாத, போடாதன்னு!"

அவள் சூர்யகலாவைத்தான் பார்த்தாள். வேறு யார் போட்டிருக்க முடியும்? அபிதகுசாம்பாள் மெதுவாக எழுந்து வாயைத் திறந்தார். நான் இல்லடி என்று சூர்யகலா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தாளாம். அதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"ஆமாண்டி, நான்தான் போட்டேன். இப்ப அதுக்கு இன்னா?"

அதற்குப் பிறகு விழுந்த திட்டு முழுவதையும் அவளே நின்று வாங்கிக்கொண்டாள். சம்பந்தி திரும்ப உட்கார்ந்து, ஜன்னல் பக்கம் பார்க்க ஆரம்பித்துவிட்டாராம்.

ஊருக்கு வந்து இதை என்னிடம் சொன்னபோது அந்த அரக்கை மடித்துக்கொண்டிருந்தோம். மறுமுனையில் நான். "அந்தம்மா பாவம் இல்லியாடி?" என்று கேட்டேன்.

"பாவந்தான்" என்றாள். கோணிப்போன கரையை நீவிவிட்டாள். "அதுக்குன்னு என் திட்ட தூக்கி குடுத்துடுவனா?"